டின் கறியைக் கண்டால் ஏன் இந்த இளக்காரம்?

ஸ்பாம் என்றதும் ஞாபகத்துக்கு வருவது எது? லாட்டரியில் கோடி ரூபாய் விழுந்ததாகச் சொல்லும் மெயில், பேங்க் அக்கவுண்ட் நம்பர் கேட்கும் நைஜீரிய இளவரசர், இத்யாதி இத்யாதி. ஆனால் அந்த வார்த்தை பிறந்தது கம்ப்யூட்டரில் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆஸ்டின் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் ஹார்மெல் கம்பெனி 1937ல் சந்தைக்கு விட்ட டின் பன்றிக்கறியின் பெயர் அது. பெயர் வைக்கப் போட்டி நடத்தி, ஜெயித்தவருக்கு 100 டாலர் பரிசும் கொடுத்தார்கள். 1970ல் மான்ட்டி பைத்தன் என்ற பிரிட்டிஷ் காமெடி கோஷ்டி ஒரு டிவி நாடகம் போட்டது. சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும் ஸ்பாம், வேண்டாம் என்றாலும் ஸ்பாம்! அதைப் பார்த்துச் சிரித்த கம்ப்யூட்டர் ஆசாமிகள், கேட்காமல் வந்து குவியும் குப்பைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஒரு சாப்பாட்டுப் பொருளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. இட்லி என்ற பெயரையோ தயிர்சாதம் என்ற பெயரையோ உலகமே குப்பைக்கு வைத்தால் எப்படி இருக்கும்? ஆனால் அந்த டின் அசரவில்லை. 2012லேயே 800 கோடியாவது டின் விற்றாகிவிட்டது. 2008 பொருளாதார நெருக்கடியில் அதன் விற்பனை ஏறியது. 2020 கொரோனா காலத்தில் மறுபடி ஏறியது.

இதற்கு மேதாவிகள் மூன்று பதில்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, அது ஏழைகளின் சாப்பாடு, வேறு வழியில்லாமல் தின்கிறார்கள். இரண்டு, அமெரிக்கா தலையில் கட்டிவிட்டது, ஏமாந்து தின்கிறார்கள். மூன்று, நாக்கு செத்துப்போனவர்கள், ருசி தெரியாமல் தின்கிறார்கள். மூன்றுமே தப்பு. தப்பு என்பதைவிட, மூன்றுமே அடுத்தவன் தட்டை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற புத்தி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் டின்னைப் பற்றிக் கொஞ்சம். உணவைப் பாத்திரத்தில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, வெந்நீரில் கொதிக்கவைத்தால் கெடாது என்று கண்டுபிடித்தவர் நிக்கோலஸ் அப்பேர். பிரான்சில் மிட்டாய்க் கடைக்காரர், விஞ்ஞானி கிடையாது. 1810ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. அவர் பயன்படுத்தியது கண்ணாடி பாட்டில். அதே வருடம் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குப் பேடன்ட் வாங்கினார். ஏன் கெடவில்லை என்பதற்கு லூயி பாஸ்டர் காரணம் சொல்ல இன்னும் ஏறத்தாழ 50 வருடங்கள் ஆயின. இதில் ஒரு தமாஷ் உண்டு. டின் ஓப்பனருக்கு அமெரிக்காவில் பேடன்ட் கிடைத்தது 1858ல்தான். அதுவரைக்கும் உளி, சுத்தியல்தான்! இத்தனை கஷ்டப்பட்டு உடைத்துத் தின்றார்கள் என்றால், உள்ளே இருந்தது லேசான சமாச்சாரம் இல்லை. எட்டு மாதம் கப்பலில் போகிறவனுக்கு அது கறி. அவ்வளவுதான் விஷயம்.

ஸ்பாமின் கதையும் ஒரு காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது. பன்றியில் தொடைக்கறிக்கு நல்ல விலை உண்டு. தோள்பட்டைக் கறியை எலும்பிலிருந்து எடுக்கிறதே பெரும்பாடு, வாங்கவும் ஆளில்லை. அந்தத் தோள்பட்டைக் கறியை அரைத்து, கொஞ்சம் தொடைக்கறி, உப்பு, தண்ணீர், சர்க்கரை, சோடியம் நைட்ரைட் சேர்த்து டின்னில் அடைத்து, டின்னோடு வேகவைத்தார்கள். உருளைக்கிழங்கு மாவு பிற்பாடு சேர்ந்தது. லேபிளில் இருப்பது அவ்வளவுதான். உள்ளே என்னென்னவோ இருக்கிறது, குளம்பு கிடக்கிறது என்று பரவும் கதைகளெல்லாம் சுத்த ஜல்லி.

இனி முதல் பதில். ஏழைகளின் சாப்பாடு!

பி.காம் படிக்கிற எல்லோரும் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்கிற வார்த்தை "இன்ஃபீரியர் குட்ஸ்". வருமானம் ஏறினால் எந்தப் பொருளை வாங்குவது குறைகிறதோ அது இன்ஃபீரியர். பரீட்சையில் இரண்டு மார்க். உதாரணம் கேட்டால் கேழ்வரகு, சோளம் என்று எழுதிவிட்டு வரலாம். அதே கேழ்வரகுக் கூழ் இன்றைக்குப் பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் வந்து, பில்லில் என்ன விலை போட்டிருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பொருள் அப்படியேதான் இருக்கிறது, பார்க்கிற கண்தான் மாறியிருக்கிறது. டின் கறிக்கு இந்த இரண்டு மார்க் விடையைப் பொருத்திப் பார்த்தால் கொரியாவில் மொத்தமாகக் கவிழ்ந்துவிடும்.

1950களில் கொரியா உலகத்தின் பரம ஏழை நாடுகளில் ஒன்று. 1950 முதல் 1953 வரை யுத்தம். ஊர் ஊராகச் சாம்பல். சியோலுக்கு வடக்கே உயிஜோங்பு என்ற ஊரில் அமெரிக்க ராணுவ முகாம்கள் இருந்தன. முகாமிலிருந்து வெளியே வந்த மிச்சம் மீதிகளை, கள்ளச் சந்தையில் கிடைத்த ஸ்பாமையும் சாசேஜையும், கிம்ச்சியோடும் மிளகாய் விழுதோடும் சேர்த்துக் கொதிக்கவைத்தார்கள். அதுதான் "புதே ஜிகே". ராணுவ முகாம் குழம்பு என்று அர்த்தம். பசியில் பிறந்த குழம்பு அது.

பாடப்புத்தகப்படி அப்புறம் என்ன நடந்திருக்க வேண்டும்? கொரியா பணக்கார நாடாக ஆக ஆக, ஸ்பாம் ஒழிந்திருக்க வேண்டும். நடந்தது நேரெதிர். 1987ல் கொரியாவிலேயே லைசென்ஸ் வாங்கித் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 1996ல் அந்த நாடு பணக்கார நாடுகளின் சங்கமான ஓஇசிடியில் சேர்ந்தது. ஸ்பாம் ஒழியவில்லை, அட்டைப்பெட்டிக்குள் பட்டுத்துணி விரித்த மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டது! சூசோக் என்கிற அறுவடைத் திருநாளுக்கும், சோல்லால் என்கிற புத்தாண்டுக்கும் கொரியர்கள் ஒருவருக்கொருவர் ஸ்பாம் கிஃப்ட் பாக்ஸ் கொடுக்கிறார்கள். இங்கே தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிற மாதிரி. கம்பெனி தன் ஊழியர்களுக்குக் கொடுக்கிறது, மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வாங்கிப் போகிறார். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக ஸ்பாம் அதிகம் தின்கிற நாடு தென்கொரியாதான். சாம்சங்கும் ஹூண்டாயும் செய்கிற நாட்டுக்காரனை "வேறு வழியில்லாமல் தின்கிறான்" என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

ஹவாயும் அப்படியே. 14 லட்சம் சொச்சம் ஜனங்கள் இருக்கிற தீவுக்கூட்டம், வருடத்துக்கு ஏறத்தாழ 70 லட்சம் டின் ஸ்பாம் தின்கிறது. பச்சைக் குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு ஐந்து டின்! 2002லிருந்து அங்கே மெக்டொனால்ட்ஸ் காலைச் சாப்பாட்டிலேயே ஸ்பாம் உண்டு. 2017ல் ஹொனலூலு கடைகளில் ஸ்பாம் திருட்டு அதிகமாகி, டின்களைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள். யாருக்கும் வேண்டாத பொருளை யாராவது பூட்டி வைப்பார்களா?

இரண்டாவது பதில். அமெரிக்கா தலையில் கட்டியது, இவர்கள் ஏமாந்தார்கள்.

இதில் முதல் பாதி நிஜம். டின் கறி உலகம் சுற்றியது யுத்தத்தோடுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்க்கு மூன்று வேளையும் அதுதான். ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் உதவியாகக் கப்பல் கப்பலாகப் போனது. ஸ்பாம் இல்லாவிட்டால் எங்கள் படைக்குச் சோறு போட்டிருக்க முடியாது என்று பிற்பாடு குருஷேவே தன் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார். பிரிட்டனில் ரேஷன் 1954 வரைக்கும் இழுத்தது. மார்கரெட் தாட்சர் 1943 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வீட்டில் விருந்தாளிகளுக்கு ஸ்பாம் டின் திறந்ததை, ஏதோ பெரிய விருந்து மாதிரிப் பல வருடங்கள் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார். ஹவாயில் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளி மீனவர்களின் படகுகளைப் பறிமுதல் செய்தார்கள், கடலுக்குப் போகத் தடை போட்டார்கள். சுற்றிலும் கடல், தட்டில் மீன் இல்லை. அந்த இடத்துக்குத்தான் டின் வந்தது.

ஆக, டின்னை அனுப்பியது வல்லரசு. சரி. அதை வைத்து என்ன சமைப்பது என்று தீர்மானித்தது யார்? ஹவாயில் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள், வறுத்த ஸ்பாம் துண்டைச் சோற்றுக் கட்டி மேல் வைத்து, கடற்பாசித் தாளால் கட்டி "முசுபி" ஆக்கினார்கள். இன்றைக்கு அங்கே பெட்ரோல் பங்க் கடையில்கூட அது கிடைக்கும். ஒகினாவாவில் பாகற்காய், டோஃபு, முட்டையோடு டின் கறியைப் போட்டு வதக்கி "கோயா சம்புரு" செய்தார்கள். 1972 வரை அமெரிக்க ராணுவ ஆட்சியில் கிடந்த தீவு அது. கொரியாவின் குழம்பு ஏற்கனவே சொன்னதுதான். மினசோட்டாவில் எவனாவது கனவிலாவது ஸ்பாமையும் பாகற்காயையும் சேர்த்து நினைத்திருப்பானா?

சமோவாவில் டின் மாட்டிறைச்சிக்கு "பிசுப்போ" என்று பெயர். அங்கே முதலில் வந்த டின்களில் ஒன்று பட்டாணி சூப். அந்த "பீ சூப்" சமோவா நாக்கில் பிசுப்போ ஆகி, கடைசியில் மாட்டிறைச்சி டின்னுக்கே பெயராக நின்றுவிட்டது. கல்யாணம், சாவு எதுவானாலும் பிசுப்போ டின் சீராகப் போகும். மிஷெல் டஃபரி என்ற நியூசிலாந்துக் கலைஞர் 1994ல் காலி டின்களைத் தட்டி, கோத்து, ஆளுயரக் காளை மாடே செய்து காட்டினார். நக்கலும் அன்பும் கலந்த அருமையான வேலை. தன் வீட்டுப் பொருளைத் தானே கிண்டல் செய்யத் தெரிந்தவர்கள் ஏமாந்த ஜனங்கள் கிடையாது.

மிளகாயே போர்த்துகீசியன் கப்பலில் வந்ததுதான். அதற்காக "போர்த்துகீசியன் தலையில் கட்டிவிட்டான், தமிழன் ஏமாந்து காரக்குழம்பு வைக்கிறான்" என்று யாராவது சொன்னால் அடிக்க வர மாட்டார்களா? மிளகாய்க்கு ஒரு நியாயம், டின்னுக்கு ஒரு நியாயமா?

மூன்றாவது பதில்தான் ரொம்ப விஷம். ருசி தெரியாதவர்கள்.

டின்னில் வருவதெல்லாம் மட்டம் என்றால், பிரான்சில் டின்னில் விற்கும் வாத்து ஈரல் எப்படி உயர்ந்த சரக்கு? ஸ்பெயினிலும் போர்த்துகல்லிலும் டின் மத்திக்கும் சிப்பிக்கும் தனிக் கடைகளே உண்டு. லிஸ்பனுக்குப் போகிற டூரிஸ்டுகள் வருடம் அச்சடித்த மத்தி டின்னைப் பரிசாக வாங்கி வருகிறார்கள். 2022 வாக்கில் அமெரிக்க இளசுகளிடையே டின் மீனும் வைனுமாக "டேட் நைட்" கொண்டாடுவது பெரிய ஃபேஷன் ஆனது. அதே தகரம். அதே உப்பு. அதே கொதிகலன். ஒன்றை வெள்ளைத் தட்டில் எலுமிச்சைத் துண்டோடு வைத்தால் ரசனை. இன்னொன்றை சுடுசோற்றில் வைத்தால் ரசனைக் குறைவு. ஆக, மூக்கு சுளிப்பது டின்னைப் பார்த்து இல்லை. சாப்பிடுகிற ஆளைப் பார்த்து.

தமிழ்நாட்டில் டின் கறி எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் நின்று, கண் முன்னால் வெட்டியதை வாங்கினால்தான் இங்கே திருப்தி. அது நல்ல பழக்கம். அதற்காக "செத்து ஒரு வருஷம் ஆன கறியைத் தின்கிறான் பாரு" என்று சிரிப்பவர்கள், தன் பாட்டி வீட்டு அடுக்களையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயவைக்கிற உப்புக்கண்டம் வேறென்ன? கருவாடு வேறென்ன? மழைக்காலத்துக்கும் இல்லாத காலத்துக்கும் இருக்கிற காலத்தில் எடுத்துவைத்தது. தகரம் இல்லை, வெயில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடல் தாண்டிய தமிழர்களுக்கு டின் புதிசும் இல்லை. இலங்கையில் டின் மீன் இல்லாத மளிகைக் கடை ஏது? வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு ஒரு பிரட்டல், உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லட், ரோல்ஸ். மலேசியா, சிங்கப்பூரில் தக்காளிச் சாறில் ஊறிய மத்தி டின்னைத் திறந்து சம்பல் வைப்பது சம்பள நாளுக்கு முந்தின வாரத்துச் சமையல். அங்கே யாரும் அதை அவமானமாக நினைக்கவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு நினைப்பதற்கு என்ன இருக்கிறது?

அப்படியென்றால் டின்னில் என்னதான் ஈர்ப்பு? ரகசியம் ஒன்றுமில்லை. அது காத்திருக்கும். கரண்ட் கேட்காது, ஐஸ் கேட்காது, விருந்தாளி வருகிற நேரம் கேட்காது. 2023 மே மாதம் குவாம் தீவை மாவார் புயல் அடித்தபோது தீவின் பெரும்பகுதிக்கு மின்சாரம் போய்விட்டது. அப்படிப்பட்ட தீவில் அலமாரியில் நாலு டின் இருந்தால் வீட்டுக்காரம்மாவுக்குத் தூக்கம் வரும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல், ஃபிரிட்ஜ் வெறும் பீரோவாக நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பசியைப் பார்த்த தலைமுறை, "இனிமேல் பசி வராது" என்பதற்கு ஒரு ருசியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே ருசியில் வளர்ந்தார்கள். அந்த உப்பும் கொழுப்பும் சட்டியில் முறுகும் வாசனையில் அவர்களுக்குத் தெரிவது அம்மாவின் அடுக்களை, அமெரிக்கா இல்லை.

இவ்வளவு வக்காலத்து வாங்கியதால் டின் கறி அமுதம் என்று அர்த்தம் இல்லை. உடம்புக்கு அது நல்லதில்லை. 56 கிராம் ஸ்பாமில் கொழுப்பு மட்டும் 16 கிராம், சோடியம் 790 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2015ல் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பட்டியலிலேயே சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும். பசிபிக் தீவுகளில் சர்க்கரை வியாதியும் உடல் பருமனும் உலகத்திலேயே மோசமான அளவில் இருப்பதும் உண்மை.

ஆனால் இந்த இடத்தில் மேதாவிகள் யாரைத் திட்டுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். தின்கிறவனைத்தான்! சமோவா 2007ல் வான்கோழி வாலுக்குத் தடை போட்டது. அமெரிக்காவில் யாரும் விரும்பாத, வெறும் கொழுப்பான துண்டு அது. உலக வர்த்தக அமைப்பில் சேரப் போனபோது என்ன ஆயிற்று? தடையை விலக்குகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் 2012ல் உள்ளே விட்டார்கள். ஒரு குட்டி நாடு தன் ஜனங்களின் உடம்பைக் காப்பாற்றப் பார்த்தால், அது வர்த்தகத்துக்கு இடைஞ்சல். அதே ஜனங்கள் குண்டானால், அது அவர்களின் ருசி கெட்ட நாக்கு. இது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை டின்னைப் பார்த்துச் சிரிப்பவர்களும் கேட்பதில்லை, கொண்டாடுகிறவர்களும் கேட்பதில்லை. அந்த டின்னை அடைக்கிறவர்கள் யார்?

ஆஸ்டின் ஊரில் 1984ல் ஹார்மெல் தன் தொழிலாளர்களின் கூலியை மணிக்கு 10.69 டாலரிலிருந்து 8.25 டாலராகக் குறைத்தது. 23 சதவீத வெட்டு. கம்பெனி நஷ்டத்தில் ஓடியதா என்றால் இல்லை, லாபத்தில்தான் ஓடியது. 1985 ஆகஸ்டில் ஏறத்தாழ 1,500 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1986 ஜனவரியில் கம்பெனி மாற்று ஆட்களை வைத்து ஆலையைத் திறந்தது. மாநில அரசு நேஷனல் கார்டு படையை அனுப்பியது. அவர்களுடைய தாய்ச் சங்கமே கைவிட்டது. தொழிலாளர்கள் தோற்றார்கள், பல பேருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. இதைப் பற்றி பார்பரா காப்பிள் எடுத்த "அமெரிக்கன் ட்ரீம்" ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. 2007ல் அதே ஊரில், அதே கம்பெனிக்குப் பன்றி வெட்டித் தரும் ஆலையில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் காரணம் தெரியாமல் கால் மரத்தது, நடை தளர்ந்தது. காற்றைப் பீய்ச்சிப் பன்றி மூளையை வெளியே எடுக்கும் மேஜையருகே நின்றவர்கள் அவர்கள். மூளைத் துகள் மூச்சில் போய், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் நரம்புகளையே தாக்கியிருக்கிறது என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

கோபப்பட வேண்டிய இடம் இது. சிரிக்க எதுவும் இல்லாத இடமும் இதுதான். ஒரு டின்னை வைத்து, வாங்கி வறுத்துச் சோற்றோடு பிள்ளைக்குக் கொடுக்கிற தாயைக் கேலி செய்வது சுலபம். அவளுக்கு வேறு என்ன விலையில் என்ன கிடைத்தது, டின்னை அடைத்தவனுக்கு என்ன கூலி கிடைத்தது, எந்தத் தடையை யார் நீக்கச் சொன்னார்கள் என்று கேட்பது கஷ்டம். சுலபமானதைச் செய்துவிட்டு அதற்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

இன்ஃபீரியர் என்ற வார்த்தையைப் பாடப்புத்தகத்தில் படிக்கலாம், பரீட்சையில் எழுதலாம், இரண்டு மார்க்கும் வாங்கலாம். ஆனால் அது பொருளுக்கு வைத்த பெயர். அதைத் தின்கிற மனிதனுக்கு ஒட்டாதீர்கள்.

டிஸ்கி: சைவ நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். "டின் கறி" என்று வருகிற இடத்திலெல்லாம் "டின் ரசகுல்லா" என்று போட்டுப் படித்தாலும் நியாயம் மாறாது. சோடியம் கணக்கு மட்டும் இடிக்கும் :-)